ஆச்சி என்று எழுதிய கொப்பிகள்: பெரிய கடையில் பழைய கசெற் மாற்றித் தருகிறவர் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடை நல்லது, வேலை தெரிந்த மனிதர், காசும் அநியாயம் இல்லை. ஆனால் அவசரம் என்றால் அங்கே போகவேண்டாம். இரண்டு கிழமை என்றார், ஏழு கிழமை எடுத்தது, அந்த ஏழு கிழமையும் எனக்குக் கோபம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் கேட்ட பின்னேரம் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏன் என்று சொல்வதற்குக் கடையைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது, நடிகை மனோரமாவைப் பற்றியும் எழுதவேண்டும். அதனால் கொஞ்சம் நீளும்.

கடை யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம், மாடியில். பழைய வீடியோ கொப்பி (வி.எச்.எஸ் கசெற்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஓடியோ கசெற், சின்னக் கமராக் கசெற் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஏற்றிப் பென் ட்ரைவில் போட்டுத் தருகிறார். தனி ஆள். பெயரை இங்கே போடவில்லை, அந்தப் பக்கம் றேடியோ திருத்துகிற யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். படி ஒடுக்கம், கைபிடி இல்லை. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பாதிப் படியில் நிற்கவைத்து மூச்சு வாங்க விட்டு, பிறகுதான் மேலே ஏற்றினேன். வயதானவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கொண்டுபோனது ஐந்து வீடியோ கொப்பி, மூன்று ஓடியோ கசெற். எல்லாவற்றிலும் அம்மாவின் கையெழுத்தில் "ஆச்சி" என்று எழுதிப் பக்கத்தில் இலக்கம் போட்டிருந்தது. சின்ன வயதில் அந்தப் பெட்டியைப் பார்த்து, இவ்வளவிலும் எங்கள் ஆச்சியின் குரல்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எங்களுக்கு ஆச்சி என்றால் அம்மாவின் அம்மா. தமிழ்நாட்டில் ஆச்சி என்றால் மனோரமா. செட்டிநாட்டுப் பக்கம் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது. அவர் 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தாலும் வளர்ந்தது காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில், அந்த ஊர்ச் சொல் கடைசிவரை அவரோடு இருந்தது. அம்மா அந்தச் சொல்லை யாரை நினைத்து எழுதினார் என்று கேட்டேன். "ரெண்டு பேரையும்தான்" என்றார். அது எப்படி என்று அப்போது விளங்கவில்லை.

இந்தக் கொப்பிகள் சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும். எண்பதுகளில் மாமா தென்னைமர உயரத்துக்கு அன்ரெனா கட்டித் தூரதர்ஷன் பிடித்துக் காட்டியவர், சிலவற்றை அப்போது பதிந்தார். சிலவற்றை டெக், அதாவது வீடியோ கொப்பி ஓட்டுகிற பெட்டி, வாடகைக்கு விடுகிற இடத்தில் வாங்கினார். 1990 நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு குடாநாட்டில் கரண்ட் நின்றது, பெற்றறியும் தடைப்பட்டியலில் போயிற்று. அதற்குப் பிறகு படம் என்றால் யாராவது ஒரு வீட்டு முற்றத்தில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படம் போடுவதுதான். பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மிதித்து, டைனமோவில் றேடியோ. அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் இருந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை கிட்ட வந்து யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அம்மா இந்தக் கசெற்றுகளைச் சீலைக்குள் சுற்றி றங்குப்பெட்டிக்குள் வைத்தார். மீசாலைக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்து, இவ்வளவு காலமும் அலுமாரிக்கு மேலே கிடந்தன. போட்டுப் பார்க்க டெக் இல்லை. 2015 ஒக்ரோபர் 10 அன்று சென்னையில் மனோரமா காலமானார் என்ற செய்தி வந்தபோது அம்மா அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டுத் திரும்ப மேலே வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருடம் ஜப்பானில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த கம்பனியும் செய்வதை நிறுத்திவிட்டது. இனி யார் வீட்டிலாவது பழையது ஓடினால்தான் உண்டு.

சரி, கடைக்கு வருகிறேன். அவர் ஒரு கொப்பியை எடுத்து, மூடியைத் தூக்கி, நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"இல்லை அண்ணை, வீட்டிலை டெக் இல்லை."

"நல்லகாலம். போட்டிருந்தால் அறுந்திருக்கும், டெக்கும் போயிருக்கும்."

நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம். எங்கள் ஊர் ஈரத்துக்கு இது வராத கொப்பி இல்லையாம். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே ஓட்டினால் அது டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கொப்பிக்கும் போகும், அதனால் முதலில் கழற்றித் துடைத்துக் காயவைக்கிறார். ஒரு நாளில் இரண்டு கொப்பிக்கு மேல் செய்ய முடியாது, ஏனென்றால் மூன்று மணித்தியாலக் கொப்பி ஏறுவதற்கு மூன்று மணித்தியாலம் வேண்டும், வேகமாக ஏற்ற வழி இல்லை. இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு சொல்லத் தெரிந்தவர் ஏழு கிழமை ஆகும் என்பதையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் முதல் குறை.

இரண்டாவது கிழமை நான் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. மூன்றாவது கிழமை நேரே போனேன், கடை பூட்டியிருந்தது. நாலாவது கிழமை அவரே போன் எடுத்தார்.

"தங்கச்சி, ஓடியோ முதலாம் நம்பரிலை ஒரு வயசுபோன அம்மா இடைக்கிடை கதைக்கிறா. இரைச்சலை எடுத்தால் அவவின்ரை குரலும் சேந்து போயிடும். எடுக்கவோ, விடவோ?"

"விடுங்கோ அண்ணை. அது எங்கடை ஆச்சி."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இன்னொண்டு, பதிஞ்ச நேரம் பெற்றறி இறங்கிட்டுதோ? சில இடத்திலை மனோரமாவின்ரை குரல் கீச்செண்டு போகுது."

"பெற்றறி எங்கை அண்ணை இருந்தது? டைனமோ. தம்பி மிதிச்சவன்."

"எந்த வருசம்?"

"தொண்ணூற்றி மூண்டு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப சரி" என்றார், "அவன் களைச்ச இடமெல்லாம் கண்டுபிடிக்கலாம்."

பதிகிற நேரம் மிதி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். பிறகு சரியான வேகத்தில் போட்டால் அந்த இடத்தில் குரல் உயர்ந்து கீச்சிடும். அவர் ஒவ்வொரு இடமாக வேகத்தைக் குறைத்துச் சரிசெய்திருக்கிறார். மற்ற வேலையும் அப்படித்தான், ஓடியோ கசெற் மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் சரிவைச் சின்னத் திருப்புளியால் மயிரளவு திருப்பி, பேச்சில் ச, ஷ ஒலிகள் தெளியும்வரை பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறாராம். காசுக்காக மட்டும் செய்கிறவர் இதில் இறங்கமாட்டார். அந்தப் போன் கதைக்குப் பிறகு நான் அவரை நெருக்கவில்லை.

இனி அந்த முதலாம் நம்பர் கசெற். இந்திய வானொலியில் போன தில்லானா மோகனாம்பாள் ஒலிச்சித்திரம் அது, படத்தின் ஒலியை மட்டும் போடுவார்களே, அது. எங்கள் வீட்டில் றேடியோ வேறு, ரேப் ரெக்கோடர் வேறு. ரெக்கோடரை றேடியோவுக்கு முன்னால் வைத்து, பதிகிற பட்டனை அமத்திவிட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். ஆச்சி மட்டும் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி வருகிற இடத்தில், றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து, ஆச்சியின் குரல் தெளிவாகக் கேட்கிறது: "இவள் கொட்டகையிலை நிண்டு பழகினவள். பார், மூச்சு எங்கை எடுக்கிறாள் எண்டே தெரியேல்லை."

ஆச்சி சினிமாக் கொட்டகையைச் சொல்லவில்லை, நாடகக் கொட்டகையைச் சொல்கிறார். எங்கள் ஊர் நாடகக் கலைஞர் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைக் கோயில் வீதியில் விடியும்வரை இருந்து பார்த்த தலைமுறை அது. பெரும்பாலும் ஆண்களே பெண் வேடம் கட்டிய மேடைகள், கடைசி வரிசையில் பாய் விரித்துக் கிடப்பவருக்கும் குரல் போய்ச் சேரவேண்டும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, எங்கேயோ சென்னையில் எடுத்த படத்தில் ஒரு பெண் பேசுவதைக் கேட்டதும் அவர் எங்கிருந்து வந்தவர் என்று பிடிபட்டுவிட்டது. படம் கூடப் பார்க்காமல்.

பிடிபட்டது சரிதான். கோபிசாந்தா என்பது அவருடைய சொந்தப் பெயர். தகப்பன் கைவிட்ட குடும்பம், வீட்டு வேலை செய்து வளர்த்த தாய், சின்ன வயதிலேயே விட்ட படிப்பு, பன்னிரண்டு வயதில் மேடை. மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். வைரம் நாடக சபா, அதன் பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம் என்று ஊர் ஊராகப் போய் நடித்தவர். அங்கே பாடவேண்டும், ஆடவேண்டும், யாராவது வராவிட்டால் அந்தப் பாத்திரத்தின் வசனத்தையும் பேசவேண்டும். 1958 இல் கண்ணதாசன் தயாரித்த மாலையிட்ட மங்கை மூலம் சினிமாவுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது நகைச்சுவைப் பாத்திரம். இந்தப் பெண்ணுக்கு அது வரும் என்று முதலில் கண்டவர் கண்ணதாசன்தான். 1963 இல் கொஞ்சும் குமரியில் கதாநாயகியாகவும் நடித்தார், ஆனால் அந்தப் பாதை நீளவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அந்தக் காலத்துக் கதாநாயகிகளுக்கு ஒரே மாதிரிப் பேச்சுத்தான் எழுதிக் கொடுத்தார்கள், இவருக்கோ ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு ஊரின் பேச்சுக் கிடைத்தது.

தில்லானா மோகனாம்பாள் 1968 இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று எவ்வளவு பேர். அதற்குள் கொஞ்ச நேரமே வருகிற நாடகக்காரி ரமாமணி. நான் ரீவியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் படம் இல்லாமல் குரலை மட்டும் கேட்டது இப்போதுதான். தன் நாடகப் பெருமையைச் சொல்கிறபோது ஒரு குரல், சிக்கல் சண்முகசுந்தரத்தின் முன்னால் வெள்ளந்தியாக நாயனத்தைப் பற்றிக் கேட்கிறபோது இன்னொரு குரல், இரண்டுக்கும் நடுவில் மாறுகிற இடம் காதுக்குத் தெரிவதில்லை. சிரிப்பு வருகிறது, அதே நேரம் இந்தப் பெண் எவ்வளவு ஊர் அலைந்து களைத்தவள் என்பதும் அந்தக் குரலில் இருக்கிறது. மேடையில் அலைந்த பெண்ணை மேடையில் அலைந்த பெண்ணே நடித்திருக்கிறார், அதனால்தானோ என்னவோ அதில் ஒரு இடத்திலும் கேலி இல்லை.

கசெற்றில் அந்தக் காட்சி முடிகிற இடத்தில் சைக்கிள் சங்கிலிச் சத்தமும், "மிதி மிதி" என்று அம்மா தம்பியை விரட்டுவதும் கேட்கிறது. அம்மாவுக்கு அப்போது இப்போதைய என் வயது. தம்பி இப்போது கனடாவில். அவனுக்கு அனுப்பினேன், அன்றிரவே போன் எடுத்து அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னான்.

வீடியோக்களில் நன்றாக வந்தது 1967 இல் பாலசந்தர் எடுத்த அனுபவி ராஜா அனுபவி. நாகேஷும் இவரும் தூத்துக்குடிப் பேச்சில் பாடுகிற முத்துக் குளிக்கிற பாட்டு அதில்தான். குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது, ஆனால் வாயசைப்பைப் பாருங்கள், வேறொருவர் பாடியது என்று சொல்லவே முடியாது. மாமாவின் கலியாணக் கொப்பியின் முடிவில் மிஞ்சிய நாடாவில் தூரதர்ஷனின் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒளியும் ஒலியும் பதிந்திருந்தது, அதில் பொம்மலாட்டம் படத்தில் இவரே சொந்தக் குரலில் பாடிய வா வாத்தியாரே வந்தது. மெட்ராஸ் பாஷை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அந்தக் காலத்தில் வூட்டாண்ட என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். தூத்துக்குடி ஒரு படத்தில், சென்னைச் சேரி ஒரு படத்தில், கொங்கு நாடு ஒரு படத்தில். இந்த வேலையை இவ்வளவு காலம் இவ்வளவு சரியாகச் செய்த இன்னொருவரைத் தமிழ் சினிமாவில் நான் காணவில்லை. சம்சாரம் அது மின்சாரம் (1986) கொப்பியில் வேலைக்காரி கண்ணம்மா சம்பந்தியை வாயடைக்கிற காட்சியை அம்மா அன்று மட்டும் நாலு தரம் பார்த்தார். புதிய பாதைக்குத்தான் தேசிய விருது கிடைத்தது, சிறந்த துணை நடிகை. அந்தக் கொப்பியில் நடுவில் பத்து நிமிடம் கோடு கோடாக ஓடுகிறது, அதற்குக் கடைக்காரர் ஒன்றும் செய்ய முடியாது, நாடாவே கசங்கியிருந்தது. வி.எச்.எஸ் நாடாவின் சாதாரண ஒலித்தடம் விளிம்பில்தான் இருக்கும், அதனால் விளிம்பு கசங்கினால் முதலில் போவது சத்தம். அந்தப் பத்து நிமிடத்திலும் சத்தத்தை மீட்டுத் தந்திருக்கிறார், படம் போனாலும் வசனம் போகவில்லை.

ஒரு விஷயம் எனக்குப் பிடிக்காதது. தொண்ணூறுகளுக்குப் பிறகு அவருக்கு எழுதப்பட்ட அம்மா, பாட்டிப் பாத்திரங்களில் சிலவற்றில் கத்தவைத்தார்கள், சிலவற்றில் அவருடைய உருவத்தைச் சிரிப்புக்கு வைத்தார்கள். இவ்வளவு பெரிய நடிகையிடம் கேட்டிருக்கவேண்டியது அது இல்லை. 1964 இல் காதலித்துக் கலியாணம் செய்து, பிள்ளை பிறந்ததும் பிரிவு, தாயின் துணையோடு தனியாக மகனை வளர்த்துக்கொண்டே ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்துக் கின்னஸில் இடம் பிடித்தவர். 2002 இல் பத்மஸ்ரீ. அம்மாவுக்குப் பிடித்த கணக்கு வேறு: ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர், அண்ணாவும் கருணாநிதியும் மேடையில், எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் என்.ரி. ராமராவும் படத்தில். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா விரல் மடித்து எண்ணிக் காட்டுவார்.

கடையின் மற்றக் குறைகளையும் சொல்லவேண்டும். முதல் தடவை தந்த வீடியோக்களை அகலத் திரைக்கு இழுத்து வைத்திருந்தார், எல்லோருடைய முகமும் பருத்துத் தெரிந்தது. பழைய ரீவிச் சட்டம் 4க்கு 3, அப்படியே விடுங்கோ என்று கொடுக்கிறபோதே சொல்லிவிடுங்கள். அதோடு ஒவ்வொரு படமும் 4 ஜிபியைத் தாண்டியிருந்ததால் பென் ட்ரைவை வேறு முறையில் போர்மட் செய்திருந்தார், அம்மாவின் பழைய ரீவி அதை வாசிக்கவில்லை. திரும்பக் கொண்டுபோனேன், படத்தை இரண்டாக வெட்டிப் போட்டுத் தந்தார். இரண்டுக்கும் காசு வாங்கவில்லை, ஆனால் இரண்டு தரம் அந்தப் படி ஏறினேன். பற்றுச்சீட்டு தருவதில்லை, கொப்பியில் இருந்த இலக்கத்தைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதோடு சரி. நான் கொடுப்பதற்கு முதல் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்தேன், நீங்களும் எடுத்து வையுங்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோகவேண்டாம், துணிப்பை நல்லது. வீட்டில் நாடாவைச் சுற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

காசு: வீடியோ ஒன்றுக்கு 1,800, ஓடியோ ஒன்றுக்கு 900, 64 ஜிபி பென் ட்ரைவ் 2,200. நாலு வீடியோவும் இரண்டு ஓடியோவும் சேர்த்து 11,200 ரூபாய் கொடுத்தேன். ஐந்தாவது வீடியோ சின்னக் கவுண்டர், விஜயகாந்தின் தாயாக மனோரமா பல் கட்டிக்கொண்டு கொங்குத் தமிழ் பேசுவாரே, அதுதான். பூஞ்சணம் உள்சுற்றுவரை போய், நாடா ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. ஓட்டினால் உரிந்துபோகும், காசு வாங்கி உங்களை ஏமாற்ற மாட்டேன் என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அந்தப் படத்தை வேறு வழியில் பார்க்கலாம்தான். அம்மா அந்தக் கொப்பியை எறியவிடவில்லை, துடைத்துத் திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.

மூன்றாவது ஓடியோ கசெற் இன்னும் கடையில்தான் இருக்கிறது. உள்ளே நாடாவை அமத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு கழன்று விழுந்துவிட்டது, நாடாவை வேறு கூட்டுக்குள் மாற்றிவிட்டுத்தான் ஏற்றவேண்டுமாம். அதிலும் ஆச்சி என்றுதான் எழுதியிருக்கிறது, எந்த ஆச்சி என்று அம்மாவுக்கே நினைவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறார்.